மவுஸ் முரண்டு பிடிக்கிறதா? தூக்கிப் போடும் முன் இதைப் பாருங்கள்

மவுஸ் கெட்டுப்போச்சு என்று சொல்கிறோமே தவிர, அதில் எது கெட்டது என்று பார்ப்பவர்கள் குறைவு. அந்தச் சின்னப் பெட்டிக்குள் பழுதாகக்கூடிய இடங்கள் மொத்தமே ஐந்தாறுதான்: பட்டனுக்குக் கீழே இருக்கும் மைக்ரோ சுவிட்ச், ஸ்க்ரோல் வீலின் அச்சில் உட்கார்ந்து அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்று சொல்லும் என்கோடர், அடியில் மேசையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் சென்சார், கேபிள் அல்லது டாங்கிள் (வயர்லெஸ் மவுஸுக்காகக் கம்ப்யூட்டரில் செருகும் சிறு ரிசீவர்), செல் போடும் இடம். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு விதமாகத்தான் முரண்டு பிடிக்கும். சுவிட்ச் போனால் கர்சர் துள்ளாது, சென்சார் போனால் டபுள் க்ளிக் ஆகாது. அதனால் அறிகுறியை நிதானமாகப் பார்த்தால், மவுஸைத் திறக்காமலே எந்தப் பாகம் என்று சொல்லிவிடலாம்.

மும்பையில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்டதும் ஒரு நல்லதும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீட்டுச் சுவரே வியர்க்கும் ஈரம், போதாததற்குக் கடல் காற்று. உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கு இரண்டுமே ஆகாது. நல்லது என்னவென்றால், அந்தத் தகடு இருக்கும் சுவிட்சை ஒற்றை ஒற்றையாக விற்கிற லாமிங்டன் ரோடும் இதே ஊரில்தான் இருக்கிறது.

குற்றவாளி மவுஸ்தானா?

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை. மவுஸை வேறொரு யூஎஸ்பி போர்ட்டில் செருகிப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கப் போர்ட் வேண்டாம். பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் போடுங்கள். முன்பக்கப் போர்ட் உள்ளே ஒரு கேபிள் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகிறது, அது தளர்ந்திருப்பது சகஜம். நடுவில் யூஎஸ்பி ஹப் இருந்தால் அதையும் விலக்கிவிடுங்கள்.

அடுத்து அதே மவுஸை வேறொரு கம்ப்யூட்டரில் போடுங்கள். அங்கேயும் அதே சேட்டை என்றால் மவுஸில் கோளாறு. அங்கே ஒழுங்காக இருந்தால் உங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும். வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் ஓடிஜி அடாப்டர் (போனில் யூஎஸ்பி சாதனத்தைச் செருக உதவும் இணைப்பான்) போட்டு மவுஸைச் செருகினாலே பெரும்பாலான போன்களில் திரையில் அம்புக்குறி வந்துவிடும். சோதனைக்கு அது போதும்.

கர்சர் அப்படியே உறைந்து நிற்கிறது என்றால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கவே நேரமாகிறது, திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் திணறுவது கம்ப்யூட்டர்தான். மவுஸ் பாவம், அதன் மேல் தப்பில்லை. புது மவுஸ் வாங்கினாலும் இது தீராது.

கர்சர் தானாக நகர்கிறதா? மவுஸைப் பிடுங்கிவிடுங்கள், வயர்லெஸ் என்றால் அடியில் உள்ள ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். அப்போதும் நகர்ந்தால் அது லேப்டாப்பின் டச்பேட் செய்கிற வேலை. பழைய சாலிலோ (மும்பையின் வரிசை வீட்டுக் குடியிருப்பு) எர்த்திங் இல்லாத பழைய கட்டிடத்திலோ இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டும் டச்பேட் தடுமாறுகிறது, லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் லேசாகச் சுரீரென்கிறது என்றால் சார்ஜரிலிருந்து கசியும் மின்சாரத்துக்குப் போக வழியில்லை என்று அர்த்தம். பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்; உடனே சரியானால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

மவுஸ் முழுக்கச் செத்துவிட்ட நேரத்தில் வேலை நிற்கக் கூடாது என்றால் விண்டோஸில் ஒரு வழி இருக்கிறது. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் (Num Lock) மூன்றையும் ஒன்றாக அழுத்தி, வரும் கேள்விக்கு என்டர் தட்டினால், கீபோர்டின் வலது ஓரத்து எண் விசைகளே கர்சரை நகர்த்தும். 5 அழுத்தினால் க்ளிக்.

ஒரு க்ளிக், இரண்டாக ஆகிறது

மவுஸ் தொல்லைகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஃபோல்டரை ஒரு தடவை தட்டினால் திறந்துகொள்கிறது. ஒரு ஃபைலை இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் கைநழுவி வேறெங்கோ விழுகிறது. எழுத்துகளைத் தேர்வு செய்யும்போது தேர்வு அறுந்துபோகிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்.

இடது பட்டனுக்குக் கீழே, சுமார் 12.8 மில்லிமீட்டர் நீளமும் 5.8 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதுதான் மைக்ரோ சுவிட்ச். உள்ளே செம்புக் கலவையில் ஒரு மெல்லிய தகடு வில்லைப் போல் வளைந்து இறுக்கமாக நிற்கும். பட்டனை அழுத்தினால் அது ‘டிக்’ என்று துள்ளிப்போய் எதிர் முனையைத் தொடும். புது சுவிட்சிலும் தொட்ட கணத்தில் தகடு ஓரிரு முறை அதிரும். அந்தச் சில மில்லி விநாடி அதிர்வைக் கணக்கில் எடுக்காமல் இருக்க மவுஸின் சிப்புக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதற்கு டீபவுன்ஸ் என்று பெயர். நாளாக ஆகத் தகடு தளர்கிறது, தொடும் இடத்தில் கறுப்பாக ஒரு படலம் படிகிறது. மவுஸுக்குள் ஓடுவது மிகச் சொற்ப மின்சாரம். அந்தப் படலத்தைச் சுட்டுத் துளைக்கும் தெம்பு அதற்கு இல்லை. தொடர்பு விட்டு விட்டு வருகிறது. டீபவுன்ஸ் நேரத்தைத் தாண்டி ஒரு தடவை விட்டுப்போய் மறுபடி தொட்டால் போதும், சிப் அதை இரண்டாவது க்ளிக் என்று எண்ணிவிடும். விண்டோஸோ, அரை விநாடிக்குள் இரண்டு க்ளிக் வந்தால் டபுள் க்ளிக் என்று எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இந்தக் கோளாறு திடீரென்று கூடுவதற்கும் அந்தப் படலம்தான் காரணம்.

உறுதிசெய்ய இரண்டு சோதனை. பெயின்ட்டைத் திறந்து பென்சிலை எடுத்து, இடது பட்டனை அழுத்திப் பிடித்தபடியே திரை முழுக்க மெதுவாகச் சுழித்து சுழித்து ஒரு கோடு போடுங்கள். கை எடுக்காமலே கோடு நடுவில் அறுந்திருந்தால் சுவிட்ச்தான். இரண்டாவது சோதனை இன்னும் தெளிவானது: மவுஸ் செட்டிங்ஸில் முதன்மை பட்டனை வலதுக்கு மாற்றுங்கள். இப்போது வலது பட்டனால் வேலை செய்தால் டபுள் க்ளிக் தொல்லை மறைந்துவிட்டதா? அப்படியென்றால் சாஃப்ட்வேரில் எதுவும் இல்லை. இடது சுவிட்ச் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

டபுள் க்ளிக் வேகத்தை மாற்றும் ஸ்லைடரை நகர்த்திச் சரிசெய்யச் சொல்லும் அறிவுரையை நம்பாதீர்கள். அது அறிகுறியைச் சில நாள் மறைக்கும், ஃபைல் கைநழுவுவது அப்படியே இருக்கும். சில கேமிங் மவுஸ்களோடு வரும் சாஃப்ட்வேரில் டீபவுன்ஸ் நேரத்தைக் கூட்ட வசதி உண்டு. அது உண்மையிலேயே கைகொடுக்கும், சுவிட்ச் மாற்றும் வரை ஓட்டலாம்.

வாரன்டி இருக்கிறதா என்று பில்லை எடுத்துப் பாருங்கள். நல்ல மவுஸ்களுக்கு 1 வருடம் முதல் 3 வருடம் வரை தருகிறார்கள், டபுள் க்ளிக் கோளாறுக்கு மாற்றித் தருவதும் வழக்கம். வாரன்டி ஓடிக்கொண்டிருந்தால் திறக்கவே கூடாது.

வாரன்டி முடிந்திருந்தால் முதல் மருந்து ஐசோப்ரோபைல் ஆல்கஹால். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். 99 சதவீதமாக இருக்கட்டும். வீட்டில் இருக்கும் சானிடைசர் ஆகாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும், பிசுக்கு தங்கிவிடும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். தேங்காய் எண்ணெய் விடுவது, தையல் மெஷின் எண்ணெய் விடுவது இரண்டும் வீட்டுப் பெரியவர்கள் நல்ல மனதோடு சொல்லும் யோசனைகள்தான். ஆனால் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, தூசியை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

மவுஸைத் திறந்து, (எப்படித் திறப்பது என்பது கீழே) சுவிட்சின் தலையில் இருக்கும் சின்னப் பொத்தானைச் சுற்றி ஐபிஏ ஒரே ஒரு சொட்டு விடுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சோ பல் குத்தும் குச்சியோ போதும். விட்டதும் 50 முதல் 100 தடவை டிக் டிக் என்று அழுத்துங்கள். திரவம் உள்ளே இறங்கி, தகடே தன் முனையைத் துடைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் உலரவிட்டுப் பெயின்ட்டில் சோதியுங்கள். பல மவுஸ்கள் இதிலேயே சரியாகும். ஆனால் இது நிரந்தரம் இல்லை. சில வாரமோ சில மாதமோ தாங்கும், தகடு தளர்ந்திருந்தால் மறுபடி வரும்.

சுவிட்சின் மேல்மூடியை பிளேடால் நெம்பித் திறந்து தகட்டையே வளைத்துச் சரிசெய்பவர்களும் இருக்கிறார்கள். முடியும், ஆனால் அந்தத் தகட்டின் நாக்கை அதன் பள்ளத்தில் திரும்ப உட்கார வைப்பது மணிக்கணக்கில் பொறுமையைச் சோதிக்கும், மூடியோடு வரும் கடுகளவு பொத்தான் தரையில் விழுந்தால் தேடுவது கடினம். அந்த நேரத்துக்குப் புது சுவிட்சே போட்டுவிடலாம்.

சுவிட்ச் மாற்றுவது

இதற்கு சால்டரிங், அதாவது ஈயம் உருக்கிப் பற்றவைப்பது, தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள், போன் ரிப்பேர் கடையில் சுவிட்சையும் மவுஸையும் கொடுத்தால் பத்து நிமிட வேலை.

பழைய சுவிட்சின் பக்கவாட்டில் எழுத்து இருக்கும். ஆம்ரான் கம்பெனியின் டி2எஃப்சி-எஃப்-7என் வகை மிகப் பரவலானது. பெயருக்குப் பின்னால் 10எம், 20எம், 50எம் என்று வரும். எம் என்பது மில்லியன். அதாவது 1 கோடி, 2 கோடி, 5 கோடி அழுத்தல் தாங்கும் என்று கம்பெனி சொல்லும் கணக்கு. நாளைக்கு 5,000 க்ளிக் என்று வைத்தால் 1 கோடி ஐந்தரை வருடத்துக்கு வரும். ஈரமும் தூசியும் அந்தக் கணக்கைக் குறைத்துவிடும். கெய்ல், ஹுவானோ சுவிட்சுகளும் இதே அளவில், இதே மூன்று கால் அமைப்பில் வருகின்றன; அழுத்தம் மட்டும் கொஞ்சம் கடினமாகவோ மென்மையாகவோ இருக்கும். இடது, வலது இரண்டையும் சேர்த்து மாற்றினால் விரலுக்கு ஒரே மாதிரி இருக்கும்.

எடுப்பதற்கு முன் போனில் ஒரு படம். சுவிட்சின் பொத்தான் நடுவில் இருக்காது, ஒரு ஓரமாகத் தள்ளி இருக்கும். திசை மாற்றிப் போட்டால் மேல் பட்டனின் கொம்பு அதன் மேல் விழாது. பிறகு மூன்று கால்களிலும் முதலில் கொஞ்சம் புது ஈயம் சேருங்கள். பழைய ஈயம் தனியாக உருக மறுக்கும், புதியது சேர்ந்தால் இளகிவிடும். சால்டரிங் அயர்ன் 350 டிகிரி அளவில் இருக்கட்டும். டீசால்டர் பம்பால் ஒவ்வொரு காலாக உறிஞ்சி எடுங்கள். ஒரே இடத்தில் மூன்று நொடிக்கு மேல் சூடு வைத்தால் போர்டிலிருந்து செம்பு வளையம் உரிந்து வந்துவிடும், அதற்கப்புறம் கம்பி வைத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும். கால் அசையாத வரை சுவிட்சை இழுக்காதீர்கள். புதியதைப் போடும்போது அது போர்டோடு ஒட்டி, சாயாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றாலும் பட்டன் எப்போதும் அழுந்தியபடியே இருக்கும்.

புது சுவிட்ச் கையில் இல்லாதபோது ஒரு வழி: வலது பட்டனின் சுவிட்ச் பெரும்பாலும் அதே வகைதான், இடது அளவுக்குத் தேய்ந்திருக்காது. இரண்டையும் இடம் மாற்றிவிடலாம்.

ஸ்க்ரோல் கீழே போனால் பக்கம் மேலே குதிக்கிறது

வீலைச் சீராகக் கீழே உருட்டும்போது பக்கம் நடுநடுவே மேலே துள்ளினால் என்கோடரில் அழுக்கு. வீலின் அச்சு ஒரு பக்கத்தில் சின்னத் தகரப் பெட்டிக்குள் நுழைகிறதா பாருங்கள். அது மெக்கானிக்கல் என்கோடர். உள்ளே இரண்டு சிறு உலோக விரல்கள் ஒரு வட்டத்தின் மேல் உரசிக்கொண்டு போகும். எது முதலில் தொடுகிறது என்பதை வைத்துத்தான் மேலா கீழா என்று சிப் முடிவெடுக்கிறது. ஒரு விரல் அழுக்கில் தடுமாறினால் திசை குழம்பும். கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே இருந்தால் அச்சு நுழையும் துளையில் ஒரு சிறு பீய்ச்சு, இல்லையென்றால் ஐபிஏ இரண்டு சொட்டு, பிறகு இரண்டு பக்கமும் நூறு சுற்று. இதற்கு நல்ல பலன் உண்டு.

தகரப் பெட்டி இல்லாமல் வீலிலேயே சக்கரக் கம்பிகள் போல் துளைகள் இருந்து, இரு பக்கமும் கறுப்பாக இரண்டு சிறு கட்டைகள் நின்றால் அது ஆப்டிகல் வகை. ஒளி துளைகளின் வழியே விட்டு விட்டுப் போவதை எண்ணுகிறது. இதில் தேய்மானம் இல்லை, தூசியும் முடியும் மட்டுமே பகை. வீலைக் கழற்றிப் பார்த்தால் அச்சில் நீளமாக ஒரு முடி சுற்றிக்கொண்டு, அதோடு விரலின் எண்ணெய்ப்பசையும் தூசியும் சேர்ந்து கம்பளிப் பூச்சி மாதிரி ஒரு சுருள் இருக்கும். ட்வீஸரால் அதை உருவி எடுத்தாலே வேலை முடிந்தது.

மெக்கானிக்கல் என்கோடரை மாற்றுவதென்றால் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். 7 முதல் 13 மில்லிமீட்டர் வரை பல உயரத்தில் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் வீல் மேல்மூடியில் உரசும், அல்லது நடு க்ளிக் விழாது.

கர்சர் துள்ளுகிறது, நடுங்குகிறது, நகர மறுக்கிறது

பந்து மவுஸ் காலத்தில் வாரம் ஒரு தரம் பந்தைக் கழற்றி உள்ளே உருளைகளில் ஒட்டிய அழுக்கை நகத்தால் சுரண்டுவோம். ஆப்டிகல் மவுஸ் வந்ததும் சுத்தம் செய்ய எதுவும் இல்லை என்று நினைத்துவிட்டோம். இருக்கிறது. மவுஸைத் திருப்பிப் பாருங்கள்: சென்சார் என்பது ஒரு சின்னக் கேமரா. மேசைமேல் சாய்வாக ஒளியைப் பாய்ச்சி, நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படம் எடுத்து, அடுத்தடுத்த படங்களில் மேசையின் சொரசொரப்பு எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிடுகிறது. அந்தக் குழியில் ஒரு துணி நார், ஒரு முடி விழுந்தால் போதும். நகராத அந்த முடியையும் நகரும் மேசையையும் ஒன்றாகப் பார்த்துக் குழம்பும்.

முதலில் ஒரு வெள்ளை ஏ4 தாளை விரித்து அதன் மேல் ஓட்டுங்கள். தாளில் ஒழுங்காக ஓடினால் மவுஸில் கோளாறில்லை, மேசையில்தான். கண்ணாடி மேசை, வழவழப்பான சன்மைகா, பாலிஷ் போட்ட கிரானைட் மூன்றிலும் சென்சாருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சொரசொரப்பும் கிடைக்காது. மும்பை வீட்டில் டைனிங் டேபிளே ஆபீஸ் டேபிளாகவும் இருக்கும், அதில் பெரும்பாலும் கண்ணாடிதான் போட்டிருப்போம். துணி மவுஸ்பேட் ஒன்று போட்டால் தீர்ந்தது.

தாளிலும் துள்ளினால் குழியைச் சுத்தம் செய்யுங்கள். கேமராவுக்கு விற்கும் ரப்பர் ப்ளோயரால் நாலு தடவை ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி லென்ஸில் காய்ந்து கறையாகும். பிறகு காது குடையும் பஞ்சுக்குச்சியின் நுனியில் ஐபிஏ தொட்டு, ஒரே திசையில் லேசாகத் துடையுங்கள். அடியில் இருக்கும் வழுக்குப் பட்டைகளையும் பாருங்கள். ஒன்று தேய்ந்தோ பாதி உரிந்தோ இருந்தால் மவுஸ் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சென்சாருக்கும் மேசைக்கும் நடுவே ஓரிரு மில்லிமீட்டர் கூடினாலே பல சென்சார்களுக்கு மேசை மங்கிவிடும்.

துள்ளல் இல்லை, ஆனால் கர்சர் சில நேரம் வேகமாகவும் சில நேரம் மந்தமாகவும் போகிறது என்றால், அது என்ஹான்ஸ் பாயின்ட்டர் பிரிசிஷன் என்ற விண்டோஸ் அமைப்பு. கை வேகத்துக்கேற்ப தூரத்தை மாற்றும். அணைத்துவிட்டு ஒரு நாள் பழகுங்கள்.

வயர்லெஸ் தொல்லைகள்

டாங்கிள் மவுஸும் ப்ளூடூத் மவுஸும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வைஃபையும் அதே இடத்தில்தான். அடுக்குமாடியில் ஒரு தளத்துக்கு நாலு வீடு, வீட்டுக்கு ஒரு ரவுட்டர் என்றால் அங்கே எவ்வளவு நெரிசல் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பையும் போனையும் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணைத்தால் உங்கள் வீட்டுக்குள்ளாவது இடம் காலியாகும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டும், அதில் செருகிய ஹார்ட் டிஸ்கும் அதன் கேபிளும் வேலை செய்யும்போது இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை வெளிவிடும். இன்டெல் 2012லேயே இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும் மவுஸ் திக்கித் திக்கிப் போகிறது என்றால் காரணம் இதுதான். டாங்கிளைக் கறுப்பு யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். இடமில்லையென்றால் ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி, மவுஸ்பேடுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். மேசைக்கடியில் இருக்கும் சிபியூவின் பின்பக்கத்தில் டாங்கிள் இருந்தாலும் இதுவே மருந்து, நடுவில் நிற்கும் இரும்புப் பெட்டி சிக்னலை மறைக்கிறது.

செல் விஷயத்தில் சிக்கனம் கைகொடுக்காது. விலை குறைந்த சாதா ஜிங்க் கார்பன் செல் சீக்கிரம் இறங்கும், சீக்கிரம் கசியும். ஆல்கலைன் நெடுநாள் வரும். ஆனால் அதுவும் தீர்ந்தபின் உள்ளேயே கிடந்தால் கசியும். மே மாதம் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் மவுஸ், ரிமோட் எல்லாவற்றிலும் செல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது மழை தொடங்கியிருக்கும், செல் முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கும். ஆல்கலைன் செல்லிலிருந்து வந்த வெள்ளைப் பொடி காரத்தன்மை உள்ளது. வெறும் விரலால் தொடாமல், பஞ்சுக்குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் லேசாக நுரைத்துக் கரையும். பிறகு ஐபிஏ, பிறகு நன்றாக உலர்ந்தபின் ஸ்பிரிங்கை மெல்லிய எமரி தாளால் ஒரு தேய்ப்பு.

மல்டிமீட்டர் இருந்தால் செல்லை அளந்து பாருங்கள். புது ஆல்கலைன் 1.5 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 1.1க்குக் கீழே வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட் அளவில்தான் ஓடும், அதனால் மவுஸ் பேட்டரி குறைவு என்று முன்கூட்டியே எச்சரித்தால் பயப்பட வேண்டாம். உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்த மவுஸ் உப்பிக்கொண்டு மூடி விலகியிருந்தால் சார்ஜ் செய்வதை அன்றே நிறுத்துங்கள். அதை நெம்பவோ குத்தவோ கூடாது.

சில நிமிடம் கை எடுத்துவிட்டு மறுபடி தொட்டால் மவுஸ் விழித்துக்கொள்ளத் தாமதமாகிறதா? கொஞ்ச நேரத் தூக்கம் இயல்பு. நீண்ட தாமதம் என்றால் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேபிள் மவுஸ் விட்டு விட்டு வேலை செய்தால்

கேபிள் பெரும்பாலும் மவுஸுக்குள் நுழையும் மூக்கிலேயே ஒடிகிறது. அந்த இடத்தை நாலு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் டிங், டிங் என்று யூஎஸ்பி சத்தம் கொடுத்தாலோ அடியில் விளக்கு அணைந்து எரிந்தாலோ உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. ஒடிந்த இடத்தோடு 5 சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, உள்ளே இருக்கும் பழைய கனெக்டரின் கம்பிகளோடு சேர்த்து சால்டர் செய்து ஷ்ரிங்க் ட்யூப் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போடலாம். வழக்கமாகச் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் டேட்டா. ஆனால் எல்லாக் கம்பெனியும் இந்த நிறத்தை மதிப்பதில்லை. வெட்டுவதற்கு முன் எந்த நிறம் எந்தத் துளைக்குப் போகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

திறப்பது எப்படி

கேபிளைப் பிடுங்கி, செல்லைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்க்ரூ வெளியே தெரியாது. வழுக்குப் பட்டைக்கு அடியில், ஸ்டிக்கருக்கு அடியில், செல் போடும் குழிக்குள் என்று மறைந்திருக்கும். ஸ்டிக்கரை விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும் இடம்தான் ஸ்க்ரூ. பட்டையை ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடாக்கி, பிளேடு முனையால் ஓரத்திலிருந்து மெல்ல உரித்தால் பசையோடு வரும், திரும்பவும் ஒட்டலாம். அவசரப்பட்டு மடித்துவிட்டால் அது மறுபடி சமமாக உட்காராது.

ஸ்க்ரூ எல்லாம் எடுத்தபின் பின்பக்கத்தை முதலில் தூக்குங்கள், முன்னால் கொக்கி மாட்டியிருக்கும். திறக்காவிட்டால் பலம் காட்டாதீர்கள். இன்னும் ஒரு ஸ்க்ரூ எங்கோ இருக்கிறது. மேல்மூடிக்கும் கீழே போர்டுக்கும் நடுவே மெல்லிய ரிப்பன் கேபிள் இருக்கக்கூடும், பக்கவாட்டுப் பட்டன் உள்ள மவுஸ்களில் இது உண்டு. கொஞ்சம் மட்டும் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கேபிளைக் கழற்றிய பிறகே முழுதாகப் பிரியுங்கள். வீல் ஒரு ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருந்தால் அது துள்ளி ஓடும். ஒரு பழைய துண்டை விரித்து அதன் மேல் வேலை பார்த்தால் விழுந்ததும் அங்கேயே நிற்கும். டீ சிந்திய மவுஸ் என்றால் திறந்ததும் எறும்பு வரிசையே இருக்கலாம். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் இனிப்பை முதலில் துடைத்து, பிறகுதான் ஐபிஏ. சர்க்கரை ஆல்கஹாலில் சரியாகக் கரையாது.

வெளியே ரப்பர் பூச்சு பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? ஈரமும் வெக்கையும் சேர்ந்து அந்தப் பூச்சைச் சிதைத்துவிட்டன. எவ்வளவு துடைத்தாலும் அது பழையபடி ஆகாது. ஐபிஏ நனைத்த துணியால் பூச்சையே முழுதாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். உள்ளே வெறும் பிளாஸ்டிக் வழவழப்பாக இருக்கும், கைக்கு நன்றாகவே இருக்கும்.

லாமிங்டன் ரோடில் வாங்கும்போது

சயான், மாட்டுங்கா பக்கத்திலிருந்து போகிறவர்கள் தாதரில் வெஸ்டர்ன் லைனுக்கு மாறி (செம்பூரிலிருந்து என்றால் அதற்கு முன் குர்லாவில் சென்ட்ரல் லைனுக்கு மாறி) கிராண்ட் ரோடில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மவுஸ் விற்கும் கடையில் கேட்டால் புது மவுஸைத்தான் காட்டுவார்கள். ரெசிஸ்டர், ஐசி விற்கும் காம்பொனென்ட் கடையில் கேளுங்கள். “மவுஸ் கா மைக்ரோ சுவிட்ச், தீன் பின்வாலா” (மவுஸின் மைக்ரோ சுவிட்ச், மூன்று கால் உள்ளது) என்று இந்தியில் சொன்னால் புரிந்துகொள்வார்கள். இரண்டு வடா பாவ் வாங்கும் காசுக்குள் ஒரு சுவிட்ச் கிடைத்துவிடும். கழற்றிய பழைய சுவிட்சையும் என்கோடரையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டே போங்கள், கவுன்டரில் பக்கத்தில் வைத்து அளவை ஒப்பிடலாம். வாங்கும்போது இரண்டுக்கு நான்காக வாங்குங்கள், அங்கேயே ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல சுவிட்ச் கூர்மையாக ‘டிக்’ என்னும். சத்தம் மழுங்கலாக இருந்தாலோ, எழுத்து தேய்ந்து கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருந்தாலோ அது எங்கிருந்தோ கழற்றி எடுத்தது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.